கடதாசி இதயம்

மார்கழி விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு இன்னும் மூன்று நாட்களே இருந்தன. கீழ்வகுப்பு ஆசிரியை அன்று வரவில்லை. நன்னூலிலே சிறிதும் நளவெண்பாவிலே பெரிதும் படிப்பிக்கக் கிடக்க, அதிபர் என்னை அவ்வகுப்பிற்கு அனுப்பிவிட்டார். பாடமோ கைவேலை. பண்டிதன் ஒருவனுக்குக் கைவேலை வகுப்பிலே என்ன வேலை என்று எண்ணிக்கொண்டே போய் நாற்காலியில் அமர்ந்தேன். பிள்ளைகள் வர்ணக் கடதாசிகளைப் பரப்பிக்கொண்டு தம்பாட்டில் இருந்தார்கள்.

அவர்களுள் ஒரு சிறுமி மேசையடிக்கு வந்து தன் கையிலிருந்ததை நீட்டினாள். சிவப்பும் வெள்ளையுமான கடதாசிக் கீற்றுக்களாற் பின்னிய ஓர் இதய வடிவம் அது. அவளுடைய சின்னம்மா தென்மார்க்கு நாட்டிலிருந்து அனுப்பியதாம். 1983ஆம் ஆண்டின் பின் நம்மவர் பலர் சென்று குடியேறிய நாடுகளுள் அதுவும் ஒன்றன்றோ? வாங்கிப் பார்த்தேன். பசையைத் தேடினேன்; இல்லை. தையலைத் தேடினேன், அதுவும் இல்லை. விரலை உள்ளே விட்டால் சிறு பையாக விரிகின்றது. விட்டால் மீண்டும் இதயமாகின்றது. இதை எப்படிப் பின்னினார்கள் என்று கேட்டேன். தனக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். தென்மார்க்கிலே நத்தார் மரத்தில் இத்தகைய இதயங்களைத் தொங்கவிடுவது வழக்கம். விடுமுறைக்கு முந்திய நாட்களில் அந்நாட்டுப் பாடசாலைகளிலும் வீடுகளிலும் சிறுவர் கூடியிருந்து இவற்றைப் பின்னுகின்றார்கள். இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய இதயம் 1860ஆம் ஆண்டிற்குரியது. செய்தவர் கைவினைஞர் அல்லர். நாம் எல்லோரும் பெயர் கேட்ட கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அன்டர்சன். கதை எழுதிய கை கத்தரிக்கோலும் பிடித்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். அறிந்தபின் அவருடைய வரலாற்றை மறுபடியும் படித்தேன். முன்பு படித்தபோது காணாத பல இப்போது கண்ணிற் பட்டன.

அன்டர்சன் 1805ஆம் ஆண்டு ஏப்பிரில் 2ஆம் நாள் பூனன் தீவிலுள்ள ஓடென்சே நகரிற் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைப்பவர். தாயார் பிறர் ஆடைகளை ஆற்றிலே நின்று வெளுப்பவர். எழுத்தறிவு இல்லாதவர் என்றே சொல்லலாம். வீடு ஒரே அறை. அந்த அறையிலே தொழிலுக்குரிய பலகையும் கட்டிலும் போக, எஞ்சிய இடமே குழந்தையின் உலகம். ஆனால் அந்தத் தந்தை புத்தகப் பிரியர். அராபிய இரவுக் கதைகளையும் நாடகங்களையும் மகனுக்கு வாசித்துக் காட்டுவார். ஓய்வு வேளையிலே கயிற்றை இழுத்தால் மாறுகின்ற படங்களும், பொம்மைகள் ஆடும் சிறியதொரு நாடக அரங்கும் செய்து கொடுத்தார். மகன் பொம்மைகளுக்குச் சட்டை தைத்தான். பாட்டனாரோ மரத்தைச் செதுக்கி விலங்குத் தலையுடைய மனிதர், இறகு முளைத்த விலங்குகள் என்று விசித்திர உருவங்கள் செய்து ஊர்ப்பிள்ளைகளுக்குக் கொடுத்துத் திரிந்தவர். அவர் சித்தம் கலங்கியவர். தெருப்பிள்ளைகள் அவரைப் பின்தொடர்ந்து பரிகசிப்பார்கள். ஒருநாள் அதைக் கண்ட பேரன் படிக்கட்டின் பின்னே ஒளிந்துகொண்டான். பாட்டனாரின் கைத்திறனோடு அவருடைய கலக்கமும் தமக்கு வருமோ என்ற அச்சம் அன்டர்சனைச் சாகும்வரை விடவில்லை.

தந்தையார் போருக்குப் போய், உடல் கெட்டுத் திரும்பி, 1816இல் இறந்தார். அப்பொழுது மைந்தனுக்கு வயது பதினொன்று. பொம்மைச் சட்டை தைக்கும் பிள்ளையைத் தையற்காரனிடம் தொழில் பழக விடலாம் என்று தாயார் எண்ணினார். அது தாயின் கணக்கு, பிழையான கணக்கன்று. பிள்ளையின் கணக்கு வேறு. 1819ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே, பதினான்கு வயதில், கையிற் சொற்பப் பணத்துடன் தலைநகராகிய கொப்பன்கேகனுக்குப் புறப்பட்டான். பாடகனாக முயன்றான்; குரல் உடைந்தது. ஆட முயன்றான், நெடிய காலும் நீண்ட மூக்கும் இடங்கொடுக்கவில்லை. நாடகம் எழுதினான், அரங்கத்தார் திருப்பியனுப்பினர். ஆனால் அரச நாடக அரங்கை நடத்தியவர்களுள் ஒருவரான யோனாஸ் கொலின் என்னும் பெரியார், இவன் படித்தால் உருப்படுவான் என்று கண்டு, அரசரின் உதவிப் பணத்தைப் பெற்றுக் கொடுத்து, 1822இல் ஸ்லாகெல்சே என்னும் ஊரிலுள்ள பாடசாலைக்கு அனுப்பிவைத்தார்.

பதினேழு வயது இளைஞன் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவரோடு ஒரே வாங்கில் இருந்தான். அங்கே தலைமையாசிரியர் மைஸ்லிங். அவரை அறிவிலி என்று கூற முடியாது. கிரேக்க மொழியில் வல்லவர். பழைய நூல்களைத் தம் மொழியிற் பெயர்த்தவர். நம்மவருள் அவரை ஒத்தவர் ஒருவர் இருந்தால் மகாவித்துவான் என்று பொன்னாடை போர்த்தியிருப்போம். ஆனால் மாணவனைக் கண்டால் அவர் நாக்கிற் சவுக்கு முளைக்கும். இந்த நெட்டையனை வகுப்பின் நடுவே நிறுத்தி எள்ளி நகையாடுவதில் அவருக்கு ஓர் இன்பம் இருந்தது. கவிதை எழுதலாகாது என்று தடையும் போட்டார். பின்னர் அவர் எல்சினோர் நகருக்கு மாறியபோது அன்டர்சனும் உடன் சென்று அவர் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1826இல், தடையை மீறி, சாகும் குழந்தையொன்று தாயைப் பார்த்துப் பேசுவதாக ஒரு கவிதை எழுதினார். மைஸ்லிங் அதனை எடுத்து வாசித்துப் பார்த்து, வெறும் அழுகை என்று எறிந்தார். அக்கவிதை பிறகு பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. அங்கே நடப்பதை வேறோர் ஆசிரியர் கொலினுக்கு அறிவிக்க, 1827இல் அன்டர்சன் அவ்வீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இவ்விடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லாமற் போனால் மைஸ்லிங்கைக் குறைகூற எனக்கு வாய் இல்லை.

யான் ஆசிரியனாகிய புதிதில், வேறொரு பாடசாலையிலே, வேற்றுமைப் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் மேசைக்குக் கீழே எதையோ வெட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பறித்தேன். கொப்பியிலே கிழித்த தாளை மடித்து வெட்டிய இதயம். சிவப்புப் பென்சிலால் நிறந்தீட்டியது. நம்முடைய பழைய புலவர்கள் நெஞ்சைத் தூது விட்டார்கள், நெஞ்சோடு பிணங்கினார்கள், அதன் வடிவத்தை எவரும் எழுதிக் காட்டவில்லை. நம்மவர் கண்ணுக்கு அந்த வடிவம் வெற்றிலை. ஆனால் அன்று எனக்கு வெற்றிலையாகத் தோன்றவில்லை. காதற் கடிதம் என்றே முடிவுசெய்தேன். வகுப்பார் பார்க்க நாலாய்க் கிழித்தேன். கிழித்ததோடு நில்லாமல் இலக்கணச் சிலேடை ஒன்றும் சொன்னேன். வகுப்புச் சிரித்தது. அவன் தங்கைக்கு அடுத்த நாள் பிறந்தநாள் என்பதும், அவளுக்கு ஒரு வாழ்த்து மடல் செய்துகொண்டிருந்தான் என்பதும் பின்னேரம் வேறொரு பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி மறுமொழி சொன்னான். அந்த வருடம் முழுவதும் என் கேள்விகளுக்குச் சரியான விடை எழுதினான். தானாக ஒரு சொல் என்னோடு பேசவில்லை.

அன்டர்சன் உலகம் போற்றும் ஆசிரியராகி, அரசர் மனைகளில் விருந்துண்ட பின்னரும், மைஸ்லிங் கனவில் வந்துகொண்டிருந்தார். முதுமைக்காலத்து நாட்குறிப்புகளிலும் அந்தக் கனவுகள் இருக்கின்றன. இடையே ஒருநாள் கொப்பன்கேகனில் இருவரும் சந்தித்தபோது, தாம் நடந்துகொண்ட முறை பிழையென்று மைஸ்லிங் ஒப்புக்கொண்டார் என அன்டர்சன் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொண்ட பின்பும் கனவு நிற்கவில்லை.

1828இற் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிலே தேறினார். 1833இல், அவர் இத்தாலியில் இருந்த காலத்தில், தாயார் ஊரிலே வறுமையிற் காலமானார். 1835இலே இத்தாலிய வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட நாவல் ஒன்று வெளிவந்து பெயர் கொடுத்தது. அதே ஆண்டிலே சிறுவர்க்கென நான்கு கதைகள் அடங்கிய மெல்லிய புத்தகம் ஒன்றும் வந்தது. நாவல் அவரைப் புகழ் பெறச் செய்யும், கதைகளோ அழியாதவராக்கும் என்று விஞ்ஞானி ஏர்ஸ்டெட் கூறினாராம். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை 1820இற் கண்டவர் அவர். திறனாய்வாளர் பலருக்குத் தெரியாதது பௌதிகவியலாருக்குத் தெரிந்திருந்தது!

அந்த நான்கு கதைகளுள் ஒன்று இடா என்னும் சிறுமியின் பூக்களைப் பற்றியது. அதிலே ஒரு மாணவன் வருகின்றான். கடதாசியிலே படம் வெட்டுவதில் அவன் சமர்த்தன்: உள்ளே சிறு நங்கையர் ஆடுகின்ற இதயங்கள், பூக்கள், கதவு திறக்கின்ற மாளிகைகள். அந்த மாணவன் அன்டர்சனேயன்றி வேறு எவர்? இடாவும் கற்பனையல்லள், நண்பர் தீலே என்பாரின் மகள்.

அவர் வெட்டுகின்ற முறையை நேரிற் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விருந்து முடிந்து பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். பெரியதொரு கத்தரிக்கோலை எடுப்பார். மெல்லிய உருவங்கள் வெட்டுவதற்கு அத்தகைய கத்தரிக்கோலா என்று பார்ப்பவர் திகைப்பர். கைகளும் பெரியவை. கோடு எதுவும் கீறிக்கொள்வதில்லை. தாளை இரண்டாகவோ நான்காகவோ மடித்துப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்குவார். கதை நடக்க, கத்தரிக்கோலும் நடக்கும். தாளைத்தான் திருப்புவார், சிறு துண்டுகள் மடியில் உதிரும். என்ன உருவம் வருமென்று எவர்க்கும் தெரியாது. கதை முடிகின்ற இடத்திலே தாளை விரிப்பார். கைகோத்து ஆடும் நங்கையர், அன்னப் பறவைகள், வயிற்றிலே வாசல் உள்ள காற்றாலை மனிதன், குடை பிடித்துத் தூக்கம் கொண்டுவரும் குறளன் எல்லாம் வெளிப்படும்.

அடிக்கடி வருவது ஒன்று உண்டு. தூக்குமரம், அதிலே தொங்குகின்ற மனிதன், அவன் கையிலே இதயம். இதயத்தைக் களவாடிய கள்வனுக்கு அது தண்டனையாம். பிள்ளைகள் சிரிப்பார்கள். வெட்டியவருக்கு அது முழுவதும் சிரிப்பன்று.

1830ஆம் ஆண்டுக் கோடையிலே போபோர்க் என்னும் ஊரில், உடன்படித்த நண்பரின் சகோதரி றீபோர்க் வோய்க் என்பவரை அவர் கண்டு விரும்பினார். அப்பெண்ணின் உள்ளம் முன்னரே வேறொருவரிடம் சென்றிருந்தது; அடுத்த ஆண்டு மணமும் முடிந்தது. பின்னர் கொலின் குடும்பத்து லூயிசை விரும்பினார். அவரும் வேறொருவரை மணந்தார். இவர் என்ன செய்தார்? பின்னாளிலே லூயிசின் மகளுக்குப் படங்களும் கடதாசி உருவங்களும் ஒட்டிய புத்தகம் ஒன்றைத் தம் கையாற் செய்து கொடுத்தார். நம் இலக்கணத்தார் இதனைக் கைக்கிளையில் அடக்குவர். கைக்கிளையுடையோன் புலம்புவான் என்று படித்திருக்கிறேன்; குழந்தைக்குப் படப்புத்தகம் ஒட்டுவான் என்று எவ்வுரையாசிரியரும் எழுதவில்லை.

மூன்றாமவர் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜெனி லிண்ட். 1843இல் அவர் கொப்பன்கேகனிலே பாடியபோது அன்டர்சன் தம்மை மறந்தார். இராக்குயிலின் கதை அந்த நாட்களிற் பிறந்தது. அப்பெருமாட்டியோ அவரை உடன்பிறந்தாராகவே வைத்துப் பழகினார். 1845ஆம் ஆண்டு நத்தார் இரவிலே இருவரும் பேர்லின் நகரில் இருந்தனர். ஜெனி லிண்ட் அழைப்பார் என்று நம்பி வந்த அழைப்புகளையெல்லாம் அன்டர்சன் மறுத்துவிட்டார். அழைப்பு வரவில்லை. எல்லோரும் அழைத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். சாளரத்தைத் திறந்துவைத்து விண்மீன்களைப் பார்த்தபடி தனியே இருந்தார். பிறகு இதனைக் கேள்விப்பட்ட ஜெனி லிண்ட், ஆண்டின் கடைசி இரவிலே அவர் ஒருவருக்காகவே மரம் ஒன்றை அலங்கரித்து விளக்கேற்றினார். அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. கேட்ட அன்பு அதுவன்று, அவ்வளவே.

அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த தேவதாரு மரத்தின் கதையிலே நத்தார் மர அலங்காரம் விரிவாக வருகின்றது. வர்ணக் கடதாசியில் வெட்டிய சிறு வலைப்பைகளிலே இனிப்பை நிரப்பிக் கிளைகளில் தொங்கவிடுகிறார்கள். 1838இல் வந்த தகரப் போர்வீரன் கதையிலும் மாளிகை கடதாசி. வாசலில் நிற்கும் ஆடலணங்கும் கடதாசி. இருவரும் அடுப்பில் விழுகிறார்கள். காலையில் வேலைக்காரி சாம்பலை அள்ளும்போது போர்வீரன் உருகிச் சிறியதோர் இதய வடிவாகக் கிடக்கின்றான். இக்கதையைப் பலமுறை வகுப்பிலே சொல்லியிருக்கிறேன். கடதாசியை வெட்டிப் பழகிய கை எழுதியது என்பதை அறியாமலே சொன்னேன்.

1857இல் இங்கிலாந்திலே சார்ள்ஸ் டிக்கன்ஸ் வீட்டிற்கு விருந்தினராகச் சென்றார். இரண்டு கிழமை என்று போனவர் ஐந்து கிழமை தங்கினார். ஆங்கிலமும் நன்றாக வாராது. வீட்டார் களைத்துப்போயினர், அதன்பின் டிக்கன்ஸ் கடிதத் தொடர்பையும் விட்டுவிட்டார். ஏன் என்று அன்டர்சனுக்கு விளங்கவேயில்லை. ஆயினும் அவ்வீட்டுச் சிறுவன் ஒருவன் வளர்ந்து முதியவனாகி நினைவுகளை எழுதியபோது, அந்த விருந்தினர் சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டித் தந்த அழகிய சிற்றுருவங்களைக் குறிப்பிட மறக்கவில்லை.

இனி அந்த 1860ஆம் ஆண்டு இதயம். அதனைப் பெற்றவர் மேலே கூறிய ஏர்ஸ்டெட்டின் மகளார் மதில்டே. அது இன்று ஓடென்சேயிலுள்ள அன்டர்சன் நூதனசாலைக்குரிய பொருள். இதனைக் கொண்டு இக்கலையை அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது மிகை. பழையது ஒன்று கிடைத்தால் அதுவே முதலாவது என்று கூறும் வழக்கம் நம் ஏட்டு ஆராய்ச்சியிலும் உண்டு. 1871இலே கைத்தொழிற் சஞ்சிகை ஒன்று பின்னும் முறையை அச்சிட்டது. அதற்கு முன்பே ஜேர்மனியிலே, 1852இற் காலமான புரோபெல் என்னும் கல்வியாளர், தாள் மடித்தலையும் தாட்கீற்றுப் பின்னலையும் சிறுவர் கல்வியின் உறுப்பாக்கியிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்மார்க்கின் பாலர் பள்ளிகள் வழவழப்பான கடதாசியைக் கொண்டு பிள்ளைகளின் விரல்களைப் பழக்கியபோதுதான் இதயம் வீடுதோறும் புகுந்தது.

ஆசிரியர்களின் பொருட்டு முறையையும் சொல்லிவிடுகிறேன். இரு நிறக் கடதாசியில் ஒவ்வொரு நீள்துண்டு எடுத்து இரண்டாக மடிக்க வேண்டும். திறந்த பக்கத்தை வளைவாக வெட்ட வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து, துண்டின் அகலத்திலும் சற்றே கூடிய நீளத்திற்கு, சம இடைவெளியில் இரண்டு மூன்று வெட்டுகள். இப்போது ஒவ்வொரு கீற்றும் இரட்டைத் தாளாகிய ஒரு வளையம். இரு துண்டுகளையும் செங்கோணமாக வைத்து, முதற் கீற்றை மற்றதன் முதற் கீற்றுக்குள்ளே புகுத்தி, இரண்டாவதைச் சுற்றி, மூன்றாவதற்குள்ளே புகுத்த வேண்டும். அடுத்த கீற்றுக்கு இம்முறை மாறும். பாய் இழைப்பதுபோல மேலும் கீழுமாகக் கோத்தால் இதயம் திறவாது. உள்ளும் சுற்றுமாகக் கோத்தாலே திறக்கும். எல்லாம் ஏறியபின் பிடி ஒன்று ஒட்டினால் இனிப்பு இடும் கூடை ஆயிற்று.

அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு உயிர்த்த ஞாயிறை அண்டியும் ஒரு கடதாசி விளையாட்டு உண்டு. தாளை மடித்துப் பூவேலை வெட்டி, சிறு செய்யுள் எழுதி, பனித்துளிப் பூ ஒன்றை உள்ளே வைத்து, பெயருக்குப் பதிலாக எழுத்துக்கு ஒன்றாகப் புள்ளியிட்டு அனுப்புவார்கள். பெற்றவர் ஆளைக் கண்டுபிடியாவிட்டால் அனுப்பியவருக்கு முட்டை கொடுக்க வேண்டும். அன்புக்கு ஒப்பமிடாத கடிதம் நல்ல கடிதமே. அக்காலத்திலே எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அன்டர்சன் சிறுவராயிருந்தபோது, குறி சொல்லும் கிழவி ஒருத்தி, ஓடென்சே நகரம் இவனுக்காக ஒருநாள் விளக்கேற்றும் என்று தாயிடம் சொன்னாளாம். 1867ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆம் நாள் நகரத்தார் அவரைக் கௌரவப் பிரசையாக்கித் தீவர்த்தி ஊர்வலம் நடத்தினர். நகரெங்கும் ஒளி. சாளரத்திலே நின்ற அன்டர்சனுக்குத் தாங்கமுடியாத பல்வலி!

1874இலே, தம்மைப் பேணிய மெல்கியோர் குடும்பத்துத் தலைவிக்குப் பெரியதொரு வெட்டுப்படம் செய்து கொடுத்தார். எழுபதாம் பிறந்தநாளை ஒட்டிச் சிலை வைக்க ஏற்பாடு நடந்தது. பிள்ளைகள் மேலேறிச் சூழ்ந்திருக்கின்ற மாதிரியைக் கண்டு சினந்தார். தம் கதைகள் மூத்தோருக்கும் உரியவை என்றார். அடுத்த வேனிலில், 1875ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள், மெல்கியோர் குடும்பத்தின் வீட்டிலே உயிர் பிரிந்தது. மார்பிலே சிறு தோற்பை ஒன்று கிடந்தது. அதனுள் இருந்தது, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கண்ட றீபோர்க் எழுதிய கடிதம்.

இவற்றையெல்லாம் படித்த மறுநாள், அழைப்பார் எவருமில்லாமலே கீழ்வகுப்பிற்குப் போனேன். அந்தச் சிறுமியின் பக்கத்திலே குட்டை வாங்கில் இருந்தேன். அவள் தாளை மடித்துத் தந்தாள், நான் வெட்டினேன். உள்ளே, சுற்றி, உள்ளே என்று அவள் சொல்லச் சொல்லக் கோத்தேன். மூன்றாம் கீற்றிலே என் இதயம் கிழிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து வேறொரு சிவப்புக் கடதாசியை எடுத்து என்முன் வைத்தாள்.